ஆஸ்பத்திரி தண்ணீரில் வளரும் நிமோனியா கிருமி: வெந்நீர், குளோரின், வெள்ளி... எது காப்பாற்றும்?

நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதி. 2025 ஜூலை கடைசி வாரம். கடும் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் என்று ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள் அடுத்தடுத்து மருத்துவமனைகளில் அட்மிட் ஆனார்கள். ஆகஸ்ட் மாத இறுதியில் தொற்று முடிந்துவிட்டதாக நகர நிர்வாகம் அறிவித்தபோது கணக்கு இப்படி இருந்தது: 114 பேருக்குப் பாதிப்பு, 90 பேர் மருத்துவமனையில், 7 பேர் மரணம்.

இது கொரோனா மாதிரி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவிய நோய் இல்லை. காரணம், கட்டடங்களின் மொட்டைமாடியில் இருந்த கூலிங் டவர்கள். அதாவது, சென்ட்ரல் ஏ.சி.யின் சூட்டைத் தண்ணீர் தெளித்து ஆற்றும் கோபுரங்கள். அந்தத் தண்ணீரில் வளர்ந்த பாக்டீரியா, நுண்ணிய திவலைகளாகக் காற்றில் கலந்து தெருவில் போனவர்களின் நுரையீரலுக்குள் போயிருக்கிறது.

எந்தக் கட்டடம்? நோயாளிகளிடம் கிடைத்த கிருமியையும் டவர்களில் கிடைத்த கிருமியையும் மரபணு அளவில் ஒப்பிட்டார்கள். இரண்டு இடங்கள் பொருந்தின. ஒன்று, ஹார்லெம் மருத்துவமனை. மற்றொன்று, நகரின் பொதுச் சுகாதார ஆய்வகத்துக்காகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடம்.

நோயைக் குணப்படுத்த வேண்டிய இடம் ஒன்று, நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய இடம் இன்னொன்று. இரண்டின் தண்ணீரிலிருந்தும் நோய் கிளம்பியிருக்கிறது. எப்படி? கட்டடத் தண்ணீருக்குள் கிருமி வளராமல் தடுக்க இன்று என்னென்ன வழிகள் இருக்கின்றன? அவை இருந்தும் ஏன் கோட்டை விடுகிறோம்? விரிவாகப் பார்ப்போம்.

கிருமிக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?

1976 ஜூலை. அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ற பெரிய ஹோட்டல். ‘அமெரிக்கன் லீஜியன்’ என்ற முன்னாள் படைவீரர் அமைப்பின் மாநாடு அங்கே நடந்தது. வீட்டுக்குத் திரும்பிய சில நாட்களில் பலருக்கும் நிமோனியா. மாநாட்டுக்கு வந்தவர்கள், ஹோட்டல் பக்கம் போனவர்கள் என்று மொத்தம் 221 பேருக்குப் பாதிப்பு. 34 பேர் இறந்தார்கள்.

பன்றிக் காய்ச்சலா, விஷ வாயுவா, யாராவது சதி செய்தார்களா என்று நாடே பீதியில் இருந்தது. பயத்தில் ஆட்கள் வராமல் போக, அந்த வருட நவம்பரிலேயே ஹோட்டல் மூடப்பட்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யில் ஜோசஃப் மெக்டேட் என்ற விஞ்ஞானி, கிறிஸ்துமஸ் விடுமுறை நாட்களில் பழைய ஸ்லைடுகளை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். முன்பு கவனிக்காமல் விட்ட குச்சி வடிவ பாக்டீரியா கண்ணில் பட்டது. 1977 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. லீஜியன்காரர்களைத் தாக்கியதால் பாக்டீரியாவுக்கு ‘லெஜியோனெல்லா’ என்றும், நோய்க்கு ‘லெஜியோனேயர்ஸ் நோய்’ என்றும் பெயர் நிலைத்தது.

இங்கேதான் ஒரு ட்விஸ்ட். இது புதுக் கிருமியே இல்லை. 1965ல் வாஷிங்டனில் உள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் 81 பேருக்குக் காரணம் தெரியாத நிமோனியா வந்திருந்தது. அவர்களின் ரத்த மாதிரிகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். 12 வருடம் கழித்துச் சோதித்தால், அதே கிருமி! ஹோட்டல் கதை உலகத்துக்குத் தெரிவதற்கு முன்பே மருத்துவமனைக்குள் அது இருந்திருக்கிறது.

குழாய்க்குள் என்ன நடக்கிறது?

லெஜியோனெல்லா இயல்பாகவே ஆறு, ஏரித் தண்ணீரில் உண்டு. அங்கே எண்ணிக்கை குறைவு, ஆபத்தும் குறைவு. கட்டடத்துக்குள் நுழைந்த பிறகுதான் அதற்கு வசதியான வாழ்க்கை கிடைக்கிறது. அதற்குத் தேவையானவை நான்கு.

முதலாவது, வெதுவெதுப்பு. 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை வளரும். 35 டிகிரியை ஒட்டி என்றால் கொண்டாட்டம்தான்.

இரண்டாவது, தேக்கம். மாதக்கணக்கில் திறக்காத குழாய், காலியான வார்டு, பழைய பாத்ரூமை இடித்த பிறகு மூடி போட்டு அப்படியே விட்ட பைப் துண்டு. இதில் தண்ணீர் நகராது. நகராத தண்ணீரில் குளோரின் கரைந்து காணாமல் போகும்.

மூன்றாவது, வழுவழுப்பு. ரொம்ப நாள் கழுவாத குடத்துக்குள் கையை விட்டால் ஒரு வழுக்கல் தட்டுப்படுமே, அதுதான் நுண்ணுயிர்ப் படலம். பைப்பின் உள்சுவரில் பல வகை பாக்டீரியாக்கள் சேர்ந்து கட்டும் பசைக் கோட்டை இது. மேலே குளோரின் தண்ணீர் ஓடினாலும், அடியில் இருப்பவை பத்திரமாக இருக்கும். துரு, உப்புப் படிவு இரண்டும் இந்தப் படலத்துக்கு நல்ல பிடிமானம்.

நான்காவதுதான் சுவாரஸ்யம். அந்தப் படலத்தை மேய்ந்து வாழும் அமீபாக்கள் பாக்டீரியாக்களை விழுங்கிச் செரித்துவிடும். லெஜியோனெல்லாவை மட்டும் செரிக்க முடியாது. அமீபாவின் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்தி, பெருகி, கடைசியில் அமீபாவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். நிலைமை மோசமானால் அமீபா தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓட்டுக்குள் இருக்கும் லெஜியோனெல்லா, சாதாரண அளவு குளோரினுக்கு அசைந்து கொடுக்காது.

நம் நுரையீரலிலும் கிருமிகளை விழுங்கி அழிக்கும் காவல் செல்கள் உண்டு. அமீபாவிடம் கற்ற வித்தையை லெஜியோனெல்லா அங்கேயும் காட்டுகிறது. விழுங்கிய செல்லுக்குள்ளேயே பெருகுகிறது. பென்சிலின் வகை மருந்துகள் இதனிடம் எடுபடாததற்கு இதுவும் ஒரு காரணம். செல்லுக்குள் புகுந்து வேலை செய்யும் அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் போன்றவைதான் தேவை. அதனால்தான் நோயைச் சரியாகவும் சீக்கிரமாகவும் கண்டுபிடிப்பது உயிர் காக்கும் விஷயம்.

குடித்தால் வருமா?

வழக்கமாகக் குடித்தால் வராது. வயிற்றுக்குப் போனால் பிரச்னை இல்லை, நுரையீரலுக்குப் போனால்தான் பிரச்னை. ஷவர், கூலிங் டவர், அலங்கார நீரூற்று, வெந்நீர்த் தொட்டிக் குளியல், குழாய்த் தண்ணீர் ஊற்றிய நெபுலைசர் என நுண்திவலை கிளப்பும் எதுவும் வழியாகலாம். இன்னொரு வழி, புரையேறுவது. விழுங்குவதில் சிரமம் உள்ள நோயாளிக்குத் தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்விட்டால் போதும்.

பெரும்பாலான ஆரோக்கியமானவர்களுக்கு இந்தக் கிருமி பட்டாலும் ஒன்றும் ஆகாது. 50 வயதைத் தாண்டியவர்கள், புகைபிடிப்பவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோர்தான் இலக்கு. சி.டி.சி. கணக்குப்படி, நோய் வந்தவர்களில் சுமார் 10ல் ஒருவர் இறக்கிறார். மருத்துவமனையில் இருக்கும்போது தொற்றினால், 4ல் ஒருவர்.

இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். கிருமிக்கு இலக்காகக்கூடிய அத்தனை பேரையும் ஒரே கூரையின் கீழ் படுக்க வைத்திருக்கும் இடம் மருத்துவமனை. அதோடு, கிலோமீட்டர் கணக்கில் பைப், அடிக்கடி இடித்துக் கட்டும் வேலை, சில மாதம் காலியாகக் கிடக்கும் வார்டுகள். நோயாளி கை சுட்டுக்கொள்ளக் கூடாதே என்று வெந்நீரின் சூட்டைக் குறைத்தும் வைப்பார்கள். கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

கையில் உள்ள ஆயுதங்கள் என்னென்ன?

வெந்நீர்

ரொம்பப் பழைய, நம்பகமான வழி. 60 டிகிரியில் இரண்டே நிமிடத்தில் லெஜியோனெல்லாவில் 90% செத்துவிடும். 50 டிகிரி என்றால் இதே வேலைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். அதனால் பிரிட்டனில் விதி இப்படி: வெந்நீர்த் தொட்டியில் 60 டிகிரி இருக்க வேண்டும். குழாயைத் திறந்த ஒரு நிமிடத்துக்குள் 50 டிகிரி வர வேண்டும், மருத்துவமனை என்றால் 55. பச்சைத் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும்.

சிக்கல் என்ன? 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். அதனால் குழாய்க்குப் பக்கத்தில் பச்சைத் தண்ணீரைக் கலந்துவிடும் வால்வு பொருத்துவார்கள். வால்வுக்கும் குழாய்க்கும் இடையே உள்ள அந்தச் சின்ன தூரத்தில் தண்ணீர் மறுபடியும் வெதுவெதுப்பாக நிற்கும். வால்வை எவ்வளவு பக்கத்தில் வைக்கிறோம் என்பதில்கூட விஷயம் இருக்கிறது.

குளோரின்

மலிவு, பழக்கமானது. ஆனால் சூடான தண்ணீரில் சீக்கிரம் வீரியம் இழக்கும். படலத்தின் அடிவரை இறங்குவதும் கஷ்டம். ‘தொற்று வந்துவிட்டது, ஒரேயடியாக அதிகமாகக் கொட்டு’ என்று அதிர்ச்சி வைத்தியம் செய்தால் கிருமி குறையும். அடிக்கடி செய்தால் பைப் அரித்து ஓட்டை விழும். சில வாரங்களில் கிருமி திரும்பி வருவதும் உண்டு.

குளோரமின்

குளோரினோடு அம்மோனியா சேர்த்தால் கிடைப்பது. குளோரின் அளவுக்கு வேகம் இல்லை. ஆனால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும், படலத்துக்குள்ளும் ஊடுருவும். சான்ஃபிரான்சிஸ்கோ நகரம் 2004ல் குடிநீருக்குக் குளோரினிலிருந்து குளோரமினுக்கு மாறியது. அதற்கு முன்னும் பின்னும் 53 கட்டடங்களில் ஆய்வு செய்தார்கள். மாறுவதற்கு முன் 60% கட்டடங்களின் வெந்நீரில் லெஜியோனெல்லா இருந்தது. பிறகு அது 4% ஆனது. ஆனால் டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போகும் தண்ணீரிலிருந்து குளோரமினை முழுசாக நீக்கியாக வேண்டும். இல்லையென்றால் நோயாளியின் ரத்த சிவப்பணுக்கள் உடையும்.

செம்பும் வெள்ளியும்

மின்முனைகள் வழியாகச் செம்பு, வெள்ளி அயனிகளை மிகச் சிறிய அளவில் வெந்நீரில் கலப்பது. இவை பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்கும். பல மருத்துவமனைகளில் நல்ல பலன் கிடைத்திருக்கிறது. ஆனால் தண்ணீரின் காரத்தன்மை கூடினால் செம்பின் வேலை மந்தமாகும். மின்முனைகளில் படியும் உப்பைத் தொடர்ந்து சுத்தம் செய்ய வேண்டும்.

புற ஊதாக் கதிரும் ஃபில்டரும்

கதிர் விளக்கைக் கடக்கும் தண்ணீரில் உள்ள கிருமி சாகும். ஆனால் விளக்கைத் தாண்டிய பிறகு பைப்பில் உள்ள படலத்தை அது ஒன்றும் செய்யாது. குழாய் வாயிலேயே மாட்டும் 0.2 மைக்ரான் ஃபில்டர் பாக்டீரியாவை அப்படியே தடுத்துவிடும். உறுப்பு மாற்று வார்டு, ஐ.சி.யூ. போன்ற இடங்களுக்கு நல்லது. ஆனால் குறித்த நாளில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், செலவும் அதிகம்.

சரி, இதில் பெஸ்ட் எது? ஒரே ஒரு பதில் கிடையாது. ஏன் என்று புரிய, பிட்ஸ்பர்க் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாம் தெரிந்த மருத்துவமனையில் நடந்தது

பிலடெல்ஃபியா இருக்கும் அதே பென்சில்வேனியா மாநிலத்தில்தான் பிட்ஸ்பர்க் நகரமும் இருக்கிறது. அங்கே முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனை ஒன்று உண்டு. லெஜியோனெல்லா ஆராய்ச்சியில் உலகமே திரும்பிப் பார்த்த இடம். கூலிங் டவரைத் தாண்டி, மருத்துவமனையின் குழாய்த் தண்ணீரிலேயே இந்தக் கிருமி பரவலாகக் குடியிருக்கிறது என்று அங்கே பணியாற்றிய ஆய்வாளர்கள் 1982ல் எழுதிய கட்டுரை, இந்தத் துறையில் ஒரு திருப்புமுனை. செம்பு-வெள்ளி முறையை ஆரம்ப காலத்திலேயே பயன்படுத்திய மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. அந்தச் சிறப்பு ஆய்வகம் 2006ல் மூடப்பட்டது.

2011 பிப்ரவரி முதல் 2012 நவம்பர் வரை அதே மருத்துவமனையில் லெஜியோனேயர்ஸ் நோய் பரவியது. அங்கேயே தொற்றியதாக உறுதியானவர்களும், அப்படித் தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம் என்று கருதப்பட்டவர்களும் சேர்த்து 22 பேர். அவர்களில் 6 பேர் இறந்தார்கள்.

மெஷின் இல்லையா? இருந்தது. ஓடிக்கொண்டும் இருந்தது. சி.டி.சி. போய்ச் சோதித்தபோது, தயாரிப்பு நிறுவனம் சொன்ன அளவில் செம்பும் வெள்ளியும் இருந்த இடங்களிலேயே லெஜியோனெல்லாவும் உயிரோடு இருந்தது.

2013ல் அந்தத் துறையின் தணிக்கை அலுவலகம் தந்த அறிக்கையைப் படித்தால் நமக்கு ரொம்பப் பரிச்சயமான ஒரு அலுவலகம்தான் கண் முன்னே வரும். செம்பு-வெள்ளிக் கருவியின் பராமரிப்பில் குறை. வெந்நீர்க் குழாய்களையும் ஷவர்களையும் வழக்கமாகத் திறந்து ஓடவிடும் வேலை ஒழுங்காக நடக்கவில்லை. மருத்துவமனையில் நிமோனியா வந்த எல்லோருக்கும் லெஜியோனெல்லா சோதனை செய்யவில்லை. தொற்றுத் தடுப்புக் குழுவுக்கும் கட்டடப் பராமரிப்புக் குழுவுக்கும் இடையே சரியான பேச்சுவார்த்தை இல்லை.

பிளம்பருக்குத் தெரிந்தது டாக்டருக்குத் தெரியவில்லை. டாக்டர் பார்த்த நிமோனியா பிளம்பரின் காதுக்குப் போகவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில்தான் கிருமி வளர்ந்தது.

சிங்க்கிலும் ஆபத்து உண்டா?

உண்டு. லெஜியோனெல்லாவைப் போலவே தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வாழும் இன்னொரு கிருமி சூடோமோனாஸ். புண், ரத்தம், நுரையீரல் என்று பலவீனமான இடத்தில் புகும். பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காது.

2012 ஜனவரியில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், ராயல் ஜூபிலி மகப்பேறு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் 3 குழந்தைகள் சூடோமோனாஸ் தொற்றால் இறந்தன. குழாய்களைக் கழற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் சிதறாமல் நேராக விழுவதற்காகக் குழாய் வாயில் வைத்திருந்த சிறு வலைப்பாகத்தில் கிருமிப் படலம் இருந்தது. அழகுக்கும் வசதிக்கும் வைத்த பாகம் கிருமியின் வீடாகியிருந்தது. பிரிட்டன் மருத்துவமனைகளில் டாக்டர், நர்ஸ், இன்ஜினீயர் எல்லோரும் சேர்ந்து உட்காரும் ‘தண்ணீர்ப் பாதுகாப்புக் குழு’ வேண்டும் என்ற வழிகாட்டல் இதன் பிறகு அழுத்தம் பெற்றது.

கனடாவின் டொரான்டோ பொது மருத்துவமனையில் 2004 டிசம்பர் முதல் 2006 மார்ச் வரை 36 நோயாளிகளுக்கு சூடோமோனாஸ் தொற்றியது. தொற்றால் 12 பேர் இறந்தார்கள். அங்கே குற்றவாளி கை கழுவும் சிங்க். குழாய்த் தண்ணீர் நேராக வடிகால் துளையில் விழும்படி வடிவமைத்திருந்தார்கள். ஒளிரும் சாயத்தை வடிகாலில் ஊற்றிக் குழாயைத் திறந்து பார்த்தால், ஒரு மீட்டர் தூரம் வரை துளிகள் தெறித்திருந்தன. அந்தத் தூரத்துக்குள்தான் நோயாளியின் படுக்கையும் மருந்து தயாரிக்கும் மேஜையும். சிங்க்கை மாற்றி, வடிகாலுக்கும் குழாய்க்கும் இடைவெளி விட்டு, தடுப்பு வைத்த பிறகுதான் தொற்று நின்றது.

சுத்தத்துக்காகக் கை கழுவிய இடத்திலிருந்தே கிருமி தெறித்திருக்கிறது. எந்த மருந்தையும் தண்ணீரில் கலந்து இதைத் தீர்த்திருக்க முடியாது.

அப்போ என்னதான் தீர்வு?

இன்று உலக சுகாதார நிறுவனமும் சி.டி.சி.யும் சொல்வது, ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு ‘தண்ணீர் மேலாண்மைத் திட்டம்’ வேண்டும் என்பது. அமெரிக்காவில் இதற்கென ஆஷ்ரே 188 என்ற தரநிலை 2015ல் வந்தது. 2017ல், அரசு மருத்துவக் காப்பீட்டுப் பணம் பெறும் மருத்துவமனைகளுக்கு இப்படி ஒரு திட்டம் கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. பெயர்தான் பெரிசு, உள்ளே இருப்பது எளிமையான வேலைகள்:

• கட்டடத்துக்குள் தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே சூடாகிறது, எங்கே முடிகிறது என்று முழு வரைபடம் போடுவது. பல கட்டடங்களில் இதுவே கிடையாது.

• தண்ணீர் தேங்கும் இடங்களைக் கண்டுபிடிப்பது. பயன்படாத பைப்பை மூடி போட்டு விடாமல், வேரோடு வெட்டி எடுப்பது.

• சூடு, குளோரின் அளவு இரண்டையும் குறித்த இடங்களில், குறித்த நாட்களில் அளந்து எழுதுவது.

• அளவு தவறினால் யார், எவ்வளவு நேரத்துக்குள், என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்வது.

• நோயாளிக்கு நிமோனியா வந்தால் அந்தத் தகவல் தண்ணீர்க் குழுவுக்கும் போவது.

கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். தண்ணீரில் லெஜியோனெல்லா இருக்கிறதா என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க 10 நாள் வரை ஆகும். எளிதில் செய்யக்கூடிய சிறுநீர்ச் சோதனையோ முக்கியமான ஒரு வகையை மட்டும்தான் காட்டும். அதனால் ‘சோதனையில் வரவில்லை, எனவே இல்லை’ என்று முடிவு கட்ட முடியாது.

நியூயார்க்கையே எடுத்துக்கொள்வோம். 2015ல் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு ஹோட்டலின் கூலிங் டவரால் 138 பேர் பாதிக்கப்பட்டார்கள். உடனே கடுமையான சட்டம் வந்தது. எல்லா கூலிங் டவரையும் பதிவு செய்ய வேண்டும், இயங்கும் காலத்தில் 90 நாட்களுக்கு ஒருமுறையாவது லெஜியோனெல்லா சோதனை செய்ய வேண்டும். பத்து வருடம் கழித்து ஹார்லெம் நடந்தது. கோடை வெயிலில் 90 நாள் என்பது கிருமிக்கு யுகம். ஹார்லெமுக்குப் பிறகு, சோதனை இடைவெளியை மாதம் ஒருமுறை என்று குறைக்கும் சட்டத்தை நகர சபை நிறைவேற்றியது.

நம்ம ஊருக்கு இந்த விதிகள் ஒத்துவருமா?

பாதிதான் ஒத்துவரும். ‘பச்சைத் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழ்’ என்ற விதி லண்டனில் சும்மா குழாயைத் திறந்தாலே நிறைவேறிவிடும். சென்னையிலோ மதுரையிலோ? மொட்டைமாடி டேங்க்கில் மே மாத மதியம் கையை வைத்துப் பாருங்கள். அவர்கள் வெந்நீரில் எந்தச் சூட்டைத் தவிர்க்கச் சொல்கிறார்களோ, அந்தச் சூடு நம் பச்சைத் தண்ணீரிலேயே இருக்கும்.

அதாவது, குளிர்ச்சி என்ற தடுப்பு நமக்குக் கிடையாது. மீதம் இருப்பவை: தண்ணீர் தேங்காமல் ஓடுவது, டேங்க் சுத்தம், குளோரின். இந்திய தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரநிலை, குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மீதம் இருக்க வேண்டும் என்கிறது. போர்வெல் தண்ணீரில் நாமாகச் சேர்த்தால்தான் குளோரின் இருக்கும். குழாயில் அது மீதம் இருக்கிறதா என்று பார்க்கும் சின்ன கிட் கடையில் கிடைக்கும், இரண்டு நிமிட வேலை.

பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ஆனால் சில விஷயங்கள் தெரிந்திருக்கட்டும்.

வீட்டு ஸ்பிளிட் ஏ.சி.யால் இந்த நோய் வருமா என்று பலருக்கும் சந்தேகம் வரும். அதற்குக் கூலிங் டவர் கிடையாது, தண்ணீரைத் தெளிப்பதும் இல்லை. கவலை வேண்டாம். ஐ.டி. பார்க், மால், பெரிய மருத்துவமனை போன்ற இடங்களில் சென்ட்ரல் ஏ.சி.க்குத் தண்ணீரால் குளிர்விக்கும் டவர் இருக்கலாம். அங்கே பராமரிப்புப் பதிவேடு கேட்பது நியாயமான கேள்விதான்.

பூட்டிக் கிடந்த கட்டடத்தைத் திறக்கும்போது கவனம் தேவை. கொரோனா காலத்தில் ஆபீஸ்கள் காலியாகக் கிடந்தபோது, திறப்பதற்கு முன் தண்ணீரைச் சரிபார்க்கச் சொல்லி வழிகாட்டல் வெளியிட்டது சி.டி.சி. 2020 ஆகஸ்ட்டில், அட்லாண்டாவில் அந்த சி.டி.சி. வாடகைக்கு எடுத்திருந்த கட்டடங்களிலேயே லெஜியோனெல்லா கண்டுபிடிக்கப்பட்டது. எழுதியவர்களுக்கே இந்த நிலைமை!

வீட்டில் செய்யக்கூடியவை:

• ஊருக்குப் போய்விட்டு வாரக்கணக்கில் கழித்துத் திரும்பினால், ஷவரில் உடனே தலையைக் கொடுக்காதீர்கள். வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டையும் சில நிமிடம் ஓடவிட்டு, நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

• ஷவர் தலையில் வெள்ளையாகப் படியும் உப்பை அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

• ஸ்டோரேஜ் கீசரை வெதுவெதுப்பில் நாள் முழுக்க விடாதீர்கள். நன்றாகச் சூடாக்கி, வாளியில் விளாவிக் குளியுங்கள். குழந்தைகள் இருந்தால் சுட்டுக்கொள்ளாமல் கவனம்.

• ஏர் கூலரின் தண்ணீரை அடிக்கடி மாற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள்.

• நெபுலைசர், ஹியூமிடிஃபயர், தூக்க மூச்சுத்திணறலுக்கான சிபேப் கருவி ஆகியவற்றில் நேரடிக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். டாக்டர் சொன்ன ஸ்டெரைல் தண்ணீர்தான்.

• வீட்டில் கீமோ எடுப்பவரோ, உறுப்பு மாற்று செய்தவரோ இருந்து நிமோனியா வந்தால், அண்மையில் எங்கே தங்கினார், எந்த மருத்துவமனையில் இருந்தார் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இந்த நோய் வெளிப்பட 2 முதல் 14 நாள் வரை ஆகலாம்.

மொத்தத்தில்...

1976ல் இந்தக் கிருமியின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. இன்று அதன் மரபணு வரை தெரியும், அதைக் கொல்ல அரை டஜன் வழி தெரியும். இருந்தும் பிட்ஸ்பர்க்கும் ஹார்லெமும் நடந்தன. இத்தனை அறிவும் கடைசியில் வந்து நிற்பது ஒரு சின்ன வேலையில்தான்: யாரும் இல்லாத வார்டில் ஒருவர் போய்க் குழாயைத் திறந்து, சில நிமிடம் ஓடவிட்டு, சூட்டை அளந்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது.

சலிப்பான வேலைதான். யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால் அந்த நோட்டில் நேற்றைய தேதிக்கு நேராக வரி காலியாக இருந்தால், குழாய்க்குள் கிருமிக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம்.